நீச்சல் தெரியும், ஆனால் 25 மீட்டரில் மூச்சு வாங்குகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்தால் நீச்சல் முகாம் செய்திகள் வரிசையாக வருகின்றன. எல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கானவை. கிணற்றிலோ ஆற்றிலோ தானாகப் பழகி, நாற்பது வயதில் நகரத்து நீச்சல் குளத்துக்கு வந்து, கைகளை மாற்றி மாற்றி வீசிக் குப்புற நீந்தும் ஃப்ரீஸ்டைல் அடிக்கப் பார்ப்பவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. குளத்தின் ஒரு நீளம், அதாவது 25 மீட்டர், போய்ச் சுவரைப் பிடித்ததும் இவர்களுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. ‘ஸ்டாமினா போதவில்லை’ என்று மறுநாளிலிருந்து ஓடப் போகிறார்கள். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவரும் அதே 25 மீட்டரில்தான் திணறுகிறார். கோளாறு நீந்தும் முறையில் இருக்கிறது; அதைச் சரிசெய்வதற்கும் ஒரு வரிசை உண்டு. பெரும்பாலோர் கையிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டியது மூச்சிலிருந்து.

தானாகப் பழகியவர்களில் மிகப் பலர் முகம் தண்ணீருக்குள் இருக்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள். வாய் வெளியே வரும் அந்த ஒரு நொடிக்குள் பழைய காற்றை விடவும் வேண்டும், புதியதை இழுக்கவும் வேண்டும். இரண்டும் முழுதாக நடக்காது. நாலைந்து முறை இப்படியே போனால் கரியமில வாயு சேர்ந்துவிடும். மூச்சு முட்டும் தவிப்பு பெரும்பாலும் அதனால் வருவதுதான், பிராணவாயு தீர்ந்துபோனதால் அல்ல. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, முகத்தை உள்ளே வைத்த கணத்திலிருந்தே மூக்கு வழியாகக் குமிழி விடுங்கள். பிறகு முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வாயால் இழுத்து, மறுபடி உள்ளே. ஒரு காது தண்ணீரிலேயே இருக்க வேண்டும். இப்படி நிற்காமல் இருபது முறை செய்தும் மூச்சு வாங்கவில்லை என்றால் மட்டும் நீந்தக் கிளம்பலாம். சலிப்பான வேலைதான். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதை எந்தக் குளத்திலும் பார்க்கலாம்.

அடுத்தது தலை. கிணற்றில் தலையைத் தூக்கி நீந்துவதற்குக் காரணம் உண்டு: படி எங்கே, மேலிருந்து யார் குதிக்கிறான் என்று பார்த்தாக வேண்டும். குளத்தில் அதே பழக்கம் காலை வாருகிறது. தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே போகும். ஆண்களுக்கு இது இன்னும் அதிகம்: காற்று நிறைந்த நெஞ்சு மிதக்கும், தசை மிகுந்த கால்கள் அமிழும். சரிவாகத் தொங்கும் உடலைத் தண்ணீர் பலமாகத் தடுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதால், கையை வேகமாக வீசி இதை ஈடுகட்ட முடியாது. பார்வை தரையில் உள்ள கருப்புக் கோட்டின் மேல், ஒரு மீட்டர் முன்னால் இருக்கட்டும்.

மூச்செடுக்கத் தலையைத் தூக்கவே வேண்டாம். நீந்தும்போது தலைக்கு முன்னே சிறு அலை எழும்பி, கன்னத்தருகே நீர்மட்டம் சற்றுப் பள்ளமாகிறது. காற்று அந்தப் பள்ளத்திலேயே கிடைக்கும். நீச்சல் கண்ணாடியின் ஒரு வில்லை உள்ளே, ஒன்று வெளியே இருந்தால் அளவு சரி. மெதுவாக நீந்துபவர்களுக்குப் பள்ளம் சிறியது. அவர்கள் தோளையும் உடலையும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பலாம். முகம் திரும்ப வேண்டிய நேரம், மறுபக்கக் கை தண்ணீரில் இறங்கும் நேரம். வெளியே வந்த கை தோளைக் கடப்பதற்குள் முகம் உள்ளே போய்விட வேண்டும். தாமதித்தால் முன்னால் நீட்டிய கை தாங்கலுக்காகத் தண்ணீரைக் கீழே அமுக்கும், அந்த வீச்சு வீணாகும்.

காலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கி உதைக்காமல், இடுப்பிலிருந்து, சிறிய அசைவாக, கணுக்காலைத் தளர்த்தி உதைத்தால் போதும். ஓட்டக்காரர்களுக்குக் கணுக்கால் விறைப்பாக இருக்கும். கிக்போர்டை (கையால் பிடிக்கும் மிதவைப் பலகை) பிடித்து எவ்வளவு உதைத்தாலும் நகர மாட்டார்கள், சிலர் பின்னோக்கியும் போவார்கள். முழங்காலில் வலி இல்லாதவர்கள் தினமும் ஓரிரு நிமிடம் வஜ்ராசனத்தில் உட்கார்ந்தால் கணுக்கால் மெல்ல இளகும்.

இப்போது கை. கை தோளுக்கு நேராக இறங்க வேண்டும். தலைக்கு முன்னால் குறுக்கே போனால் இடுப்பு பாம்புபோல் நெளியும். கட்டைவிரலை முதலில் செருகும் பழைய பாணி தோள்மூட்டை உரசி வலி தரக்கூடியது. உள்ளங்கை கீழ்நோக்க, விரல்நுனிகள் முதலில் இறங்கட்டும். தண்ணீருக்குள் நீட்டிய பிறகு முழங்கையை உயர்த்தியே வைத்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி முன்கையைச் சாய்த்து, அதன் பிறகே பின்னால் இழுக்க வேண்டும். முழங்கை முதலில் தாழ்ந்தால் கை தண்ணீரைக் கீழே தள்ளும். தலை எழும், கால் அமிழும். விரல்களை மூடி, வெறும் முஷ்டியோடு ஒரு நீளம் நீந்திவிட்டு, அடுத்த நீளத்தில் கையை விரித்துப் பாருங்கள். முன்கையால் இழுப்பது என்றால் என்னவென்று அப்போது தெரியும். இன்னொன்று: இணைய வீடியோக்களைப் பார்த்து, கையை நீட்டியபடியே வெகுநேரம் வழுக்கிப் போக முயல்பவர்கள் ஒவ்வொரு வீச்சிலும் நின்று நின்று கிளம்புகிறார்கள். அதுவும் களைப்புதான்.

பயிற்சிக்கு வந்தால், தட்டுத்தடுமாறி ஒரே மூச்சில் 500 மீட்டர் போவதைவிட எட்டு முறை 25 மீட்டர், நடுவே 20 முதல் 30 விநாடி ஓய்வு என்று போவது நல்லது. களைத்த உடம்பு தவறான முறையைத்தான் மனப்பாடம் செய்யும். இரு கைகளையும் சேர்த்து வீச்சுகளை எண்ணுங்கள். முதல் நீளத்தில் 24, எட்டாவதில் 30 என்றால், இடையில் ஏதோ குலைந்திருக்கிறது. தொடைகளுக்கு நடுவே மிதவையை வைத்ததும் நீந்துவது சட்டென்று எளிதானால் உங்கள் குறை காலும் தலையும்தான், மிதவையை நிரந்தரமாக்கிக்கொள்ளாதீர்கள். உள்ளங்கையில் மாட்டும் தட்டையான கைத்துடுப்புகளை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். முடிந்தால் உயிர்காப்பாளரிடம் அனுமதி கேட்டு, பக்கவாட்டிலிருந்து ஒரு நீளத்தைக் கைபேசியில் பதிவுசெய்யச் சொல்லுங்கள். தலை நேராக இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு அந்த ஒரு பதிவு போதும்.

‘தம் கட்டும்’ போட்டி மட்டும் வேண்டாம். வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டு நீருக்கடியில் நீந்தினால், தவிப்பு தெரிவதற்கு முன்பே நினைவு தப்பலாம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

குளங்களை நடத்தும் மாநகராட்சிகளுக்கும் விளையாட்டு ஆணையத்துக்கும் ஒரு வேண்டுகோள். பொதுமக்களுக்கான ஒரு மணி நேரத்தில் குதிப்பவர்களும் மிதப்பவர்களும் நீந்துபவர்களும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். யாராலும் ஒரு நீளம் நேராகப் போக முடிவதில்லை. ஓரத் தடம் ஒன்றைக் கயிறு கட்டி, இடைவிடாது நீந்துபவர்களுக்கென்று ஒதுக்குங்கள். குளத்தை நீந்திக் கடக்கக் கற்றதும் முடிந்துவிடும் பெரியவர்கள் வகுப்புக்கு மேல், ஏற்கெனவே நீந்தத் தெரிந்தவர்களுக்கென்று வாரம் இரண்டு நாள் ஒரு வகுப்பு வையுங்கள். கூடவே, தண்ணீரிலிருந்து பார்த்தால் தெரியும்படி விநாடி முள்ளோடு ஒரு பெரிய கடிகாரத்தைச் சுவரில் மாட்டினால் ஓய்வை அளந்து பயிற்சி செய்யலாம். செலவும் அதிகமில்லை.

இப்படிக்கு,
நீச்சல் பயிற்றுநர்கள் சிலர்,
சென்னை