டிரெய்லர் வாங்கப் போகும் நம் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

அறுவடை மெஷினை ஏற்றிப்போக டிரெய்லர் வாங்குவதற்கு மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது, அதில் விலை குறைந்ததை எடுத்துவிடலாம் என்று போன கூட்டத்தில் ஏறக்குறைய முடிவு செய்துவிட்டீர்கள். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. பேச ஆரம்பித்தால் சத்தம் போட்டுவிடுவேன் என்று பயம். அதனால் எழுதுகிறேன், உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே வைக்கிறேன்.

டிரெய்லர் எவ்வளவு சுமக்கும் என்று மட்டும்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அடியில் நல்ல இரும்புச் சட்டம் (சேனல்) போட்டால் எந்த டிரெய்லரும் சுமந்துவிடும். மெஷினை அதில் ஏற்றுவதும், ஏற்றியதை ரோட்டில் நிறுத்துவதும்தான் ஆளைக் கொல்கிற இடங்கள், அந்த இரண்டைப் பற்றி மூன்று கொட்டேஷனிலும் ஒரு வரி இல்லை.

போன தை மாதம் நடந்தது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. சம்பா அறுவடை உச்சத்தில், மன்னார்குடிக்கு இந்தப் பக்கம் ஒரு வயலை முடித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வாய்க்கால் கரையில் மெஷினை ஏற்றினோம். வாடகை டிரெய்லர். நான் டிராக்டரில் ஹேண்ட்பிரேக் போட்டு உட்கார்ந்திருந்தேன். டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடுகிற நம் மெஷின், சாய்த்து வைத்த ஏற்றுப் பலகையில் ஏறி டிரெய்லரின் பின் முனைக்கு வந்ததும், பின்பக்கம் அப்படியே அழுந்தி, முன்பக்கம் கொக்கியோடு மேலே எழும்பி, என் டிராக்டரின் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டது. ஹேண்ட்பிரேக் பிடித்திருப்பதே அந்தப் பின் சக்கரத்தைத்தானே! சக்கரம் தரையில் இல்லையென்றால் பிரேக் எதைப் பிடிக்கும்? டிராக்டர், டிரெய்லர், மெஷின் மூன்றும் சேர்ந்து சரிவில் நகர ஆரம்பித்தன. கீழே நின்று டார்ச் அடித்துக்கொண்டிருந்த என் மச்சான் வாய்க்காலுக்குள் குதித்ததால் பிழைத்தார். பலகை நழுவி விழுந்து, ஒரு பக்க பெல்ட் அந்தரத்தில் தொங்க மெஷின் சாய்ந்து நின்றது. விடியும்வரை அதைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தோம்.

டிரெய்லரின் பின் முனையில் இரண்டு முட்டுக்கால் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஏற்றும்போது தரையில் இறக்கி ஊன்றிக்கொள்கிற சாதாரண இரும்புக் கால், அவ்வளவுதான். பலகையின் தலைப்பில் டிரெய்லரோடு மாட்டிக்கொள்ள ஒரு கொக்கி இருந்திருந்தால் பலகையும் நழுவியிருக்காது.

அடுத்து பலகையின் நீளம். மெஷின் நிற்கிற தளம் தரையிலிருந்து 3 அடி உயரம், பலகை 6 அடி என்றால் ஏற்றம் 30 டிகிரி. ஏணி மாதிரி. அதே 3 அடிக்கு 12 அடிப் பலகை வேண்டும், அப்போதுதான் 15 டிகிரிக்குள் வரும், ஆனால் அதை இரண்டு பேரால் தூக்கவே முடியாது. அதனால் தளத்தைத் தாழ்த்துங்கள். சக்கரங்கள் தளத்துக்கு அடியில் இல்லாமல் இரண்டு பக்கமும் வெளியே வருகிற மாதிரிச் செய்தால் 2 அடி உயரத்துக்குக் கொண்டுவரலாம், அப்போது 8 அடிப் பலகையே போதும். ஆனால் மெஷின் அந்தச் சக்கரங்களுக்கு நடுவில் அடங்க வேண்டும், அதற்கு நம் மெஷினின் பெல்ட்டுக்கு வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம்வரை டேப் பிடித்து அளந்துகொண்டு பட்டறைக்குப் போக வேண்டும். தளத்துக்கு வழுவழு இரும்புத் தகடு வேண்டாம், சேறு அப்பிய ரப்பர் பெல்ட் அதன்மேல் சோப்பு மாதிரி வழுக்கும். கெட்டியான மரப்பலகை போடச் சொல்லுங்கள்.

இப்போது நிறுத்துவது. நம் மெஷின் 3 டன்னுக்கு மேல், டிரெய்லரின் சொந்த எடை ஒன்றரை டன் என்று வைத்துக்கொண்டால்கூட பின்னால் வருவது ஏறக்குறைய 5 டன். முன்னால் இழுக்கிற 50 குதிரைத்திறன் டிராக்டர் 2 டன்தான். அதிலும் நம் டிராக்டர்களுக்குப் பின் சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். பாலத்து இறக்கத்தில் மிதித்தால் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும், கொஞ்சம் கோணலாக இருந்தால் பக்கவாட்டில் திருப்பிப் போட்டுவிடும். தினமும் ஓட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன், பிரேக் இல்லாத டிரெய்லரில் மெஷினை ஏற்றிக்கொண்டு நான் இனி ரோட்டுக்கு வர மாட்டேன். டிராக்டர் ஹைட்ராலிக்கில் இணைகிற பிரேக்கோ, டிரெய்லர் முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிக்கிற பிரேக்கோ, ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். நிறுத்தி வைக்கத் தனியாக ஒரு ஹேண்ட்பிரேக்கும் வேண்டும். (டிராக்டர் ஓட்டுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: இடது, வலது பின் சக்கரத்துக்குத் தனித்தனியாக இருக்கிற இரண்டு பிரேக் பெடலையும் ரோட்டில் ஏறியதும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டிவிடுங்கள்.)

கொட்டேஷனில் இருக்கிற "5 டன்" எதைக் குறிக்கிறது என்று யாராவது கேட்டீர்களா? டிரெய்லரின் எடையும் சேர்த்து மொத்தம் 5 டன் என்றால், நாம் ஏற்ற மிஞ்சுவது மூன்றரை டன்தான். மெஷினோடு டீசல் கேன், ஸ்பேர் பெல்ட் எல்லாம் வைத்தால் அதோடு சரி. பள்ளத்தில் விழுந்து எழும்போது அச்சில் விழுகிற அடி நின்ற எடையைவிட அதிகம் என்பதால், சரியாக நம் எடைக்கே வாங்குவது தப்பு. என் யோசனை இரட்டை அச்சு. குறுகலான திருப்பத்தில் டயர் கொஞ்சம் தேயும், உண்மைதான், ஆனால் நடு ரோட்டில் ஒரு டயர் வெடித்தாலும் வண்டி சாயாது. டயர் புதியதாக இருக்கட்டும், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரேட் வேண்டாம்.

அச்சு எங்கே வருகிறது என்பதையும் பாருங்கள். மெஷினை ஏற்றி நிறுத்தினால் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் டிராக்டர் கொக்கியில் உட்கார வேண்டும், நம் கணக்கில் அரை டன்னிலிருந்து முக்கால் டன்னுக்குள். அது குறைந்தால் ஓடும்போது டிரெய்லர் வாலாட்டும். மெஷின் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு தடுப்புக் கட்டை வெல்டிங் வைத்துவிட்டால் யார் ஏற்றினாலும் அதே இடத்தில்தான் நிற்கும். நான்கு மூலையிலும் சங்கிலி மாட்ட வளையம், கொக்கி கழன்றால் பிடித்துக்கொள்ளத் தனிச் சங்கிலி, பின்னால் விளக்கு, ஒளி திருப்புகிற சிவப்பு ஸ்டிக்கர், எல்லாம் ஆர்டரிலேயே எழுதப்பட வேண்டும். டிரெய்லருக்குத் தனி ரெஜிஸ்ட்ரேஷன் உண்டு, அதற்கான பேப்பரைப் பட்டறைக்காரர் தருவாரா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

செலவு கூடும் என்று தெரியும். பங்குப் பணம் எல்லோருடைய பணம், அதில் என் பணமும் இருக்கிறது. அப்படியும் கேட்கிறேன்: அட்வான்ஸ் கொடுப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். இதையெல்லாம் எழுதி மூன்று பட்டறைக்கும் கொடுத்து மறுபடி கொட்டேஷன் வாங்குங்கள். டிரெய்லர் தயாரானதும் நம் மெஷினைப் பட்டறைக்கே கொண்டுபோய், ஏற்றி, பாலத்து இறக்கத்தில் ஒரு முறை பிரேக் போட்டுப் பார்த்து, திரும்ப இறக்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். டிராக்டரை நானே ஓட்டி வருகிறேன், டீசலும் என்னுடையது.

இப்படிக்கு,
உங்கள் உறுப்பினர், டிராக்டர் ஓட்டுகிறவன்