பழவேற்காடு டச்சுக் கல்லறைகளைத் தமிழில் படிக்க ஏற்பாடு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
சமூக அறிவியல் ஆசிரியை,
அரசு நடுநிலைப் பள்ளி,
பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவள்ளூர்.

பொருள்: பழவேற்காடு டச்சுக் கல்லறைத் தோட்டம் – கல்வெட்டு வாசகங்களைத் தமிழில் தருதல், உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி அளித்தல், பள்ளிப் பிள்ளைகள் வந்து போகச் சில வசதிகள் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 41 பேரைப் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போனேன். எட்டாம் வகுப்பு வரலாற்றில் முதல் பாடமே ஐரோப்பியர் வருகைதான். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டினார்கள், பிறகு தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள் என்று அதில் ஓரிரு வரி வரும். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் ஊரை ஏன் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும் என்று தோன்றியது, கிளம்பிவிட்டோம்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். பையன்கள் அவற்றுக்குப் பக்கத்தில் அதே போல் நின்று பார்த்தார்கள், பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் உள்ளே வரவே தயங்கினார்கள். உள்ளே போன பிறகு வேறு மாதிரியான வாயடைப்பு. வளைவு வைத்துக் கட்டிய மண்டபம் போன்ற சமாதிகள், மேல் நோக்கிக் கூர்ந்து போகும் ஊசித் தூபிகள், ஆள் நீளத்துக்கு மேல் கிடக்கும் கருங்கல் பலகைகள், அவற்றில் குடும்பச் சின்னங்கள், மண்டை ஓடுகள், மணற்கடிகைகள், பூவேலை. எழுபதுக்கும் மேற்பட்ட கல்லறைகள். எழுத்துகளைக் குழித்து வெட்டாமல், சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்து மேலெழும்பி நிற்க வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்கள். செத்துப் போனவருக்கு இவ்வளவு செலவா என்று ஒருவன் கேட்டான். அது நல்ல கேள்வி. பிறகு வருகிறேன்.

நடந்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மதியம் வெயில் ஏறியது. நிழல் விழுந்த இடமாகப் பார்த்து, தரைமட்டத்தில் இருந்த ஒரு கல்பலகையில் பிள்ளைகள் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். நான் தடுக்கவில்லை, எனக்கே உறைக்கவில்லை. அந்த வழியாகப் போன ஒரு மீனவ ஊர்ப் பாட்டி வாசலில் நின்று, “ஏம்மா, சமாதி மேலயா உக்காந்து சோறு திம்பாங்க?” என்று கேட்டார். புளியோதரையோடு எல்லோரும் எழுந்து நின்றோம். அப்போதுதான் ஒரு மாணவி, தான் உட்கார்ந்திருந்த கல்லைக் குனிந்து பார்த்து, “டீச்சர், இதுல யாரு இருக்காங்க?” என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பதினேழு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அந்தக் கல்லில் ஒரு வார்த்தை கூட எனக்குப் புரியவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பது தெரிகிறது. எந்தக் கல் யாருடையது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் சொல்ல என்னிடமும் எதுவும் இல்லை, அங்கே எங்கள் கண்ணிலும் எதுவும் படவில்லை. இந்த மனு அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.

அப்புறம் நானாகத் தேடினேன். டச்சு மொழி முழுக்கத் தெரிய வேண்டியதில்லை, கல்லறைகளில் திரும்பத் திரும்ப வருவது சில சொற்கள்தான். ‘ஹீர் லெய்ட் பெக்ராவன்’ என்றால் ‘இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்’. ‘கோப்மன்’ வணிகர், ‘ஓப்பர்கோப்மன்’ தலைமை வணிகர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இது பெயருக்கு முன்னால் போடும் பதவி, நம் ஊரில் தாசில்தார் என்று போடுவது மாதிரி. ‘ஹௌஸ்ஃப்ரௌ’ என்றால் மனைவி. வயதை ஆண்டு, மாதம், நாள் என்று பிரித்துப் போடுவது அவர்கள் வழக்கம். இந்த நான்கைந்து சொற்களோடு நான் தனியாக இன்னொரு முறை போனபோது, மிரட்டிக்கொண்டிருந்த கற்கள் சட்டென்று மனிதர்களாகிவிட்டன. ஒரு பத்து நிமிடப் பாடம்தான் குறையாக இருந்திருக்கிறது.

இதில் புதிதாக ஆராய்ச்சி செய்ய வேண்டிய வேலை கூட அதிகம் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த டச்சுக் கம்பெனிச் சின்னங்களைத் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ வரைபடங்களோடு பதிவு செய்து 1897-இலேயே வெளியிட்டுவிட்டார். பழவேற்காட்டுக் கல்லறைகள் அதில் இருக்கின்றன. அது ஆங்கிலத்தில், பெரிய நூலகங்களில் இருக்கிறது. பழவேற்காட்டுப் பிள்ளைகளின் மொழிக்கு அது வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

சரி, அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1602-இல் தொடங்கியது. 1610-இல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் அனுமதி பெற்றுப் பழவேற்காட்டில் கால் ஊன்றினார்கள், 1613-இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்களுடைய தலைமையிடம் 1690 வரை இதுதான். (நாகப்பட்டினத்துக்கு மாற்ற வழி செய்த ஆணையர் வான் ரீடே, மலபார்ச் செடிகொடிகளைப் பற்றிப் பெரிய நூல் தொகுக்கச் செய்தவர். 1691-இல் இறந்தார், சூரத்தில் குவிமாடம் வைத்த பெரிய சமாதி அவருக்கு. சூரத்தில் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் யார் சமாதி பெரிது என்று போட்டி போட்டுக் கட்டியதைப் பார்த்தால், பழவேற்காடு அடக்கமான இடம்தான்.) இங்கே நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே துணி. கிழக்கே உள்ள தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளியை விட நம் நெசவாளர்களின் துணிக்குத்தான் மதிப்பு. மலேசியாவில் ஆண்கள் கட்டும் கைலிக்கு இன்றும் ‘காயின் பெலிகாட்’ என்றுதான் பெயர். காயின் என்றால் மலாய் மொழியில் துணி, பெலிகாட் என்பது பழவேற்காடு. இதை வகுப்பில் சொன்னபோது, ‘எங்க தாத்தா கட்டுறது’ என்று இரண்டு பேர் கை தூக்கினார்கள்.

துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்டவர்கள், தரகர்கள் பிடித்துக் கொடுத்தவர்கள் என ஆயிரக்கணக்கானோர் இந்தக் கரையிலிருந்து படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகப் போனார்கள். பழவேற்காடு அதில் முக்கியமான துறைமுகம். கோட்டை இருந்த இடத்தில் இப்போது அகழியும் முட்புதரும்தான். தலைமை வணிகருக்குக் கல் இருக்கிறது. துணி நெய்தவருக்கு இல்லை, கப்பலில் போனவருக்கு இல்லை.

ஆகவே தமிழில் எழுதப்படும் விளக்கம், ‘டச்சுக் கலைநயத்துக்குச் சான்று’ என்று நிறுத்திக்கொண்டால் எனக்கு அதில் பாதி திருப்திதான். கல்வேலை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று இரண்டு வரி அதே பலகையில் இருக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது புரியும், என் வகுப்பில் புரிந்தது.

கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, உள்ளே ஒரு பலகை நடவும் அவர்கள் ஒப்புதல் வேண்டும் என்பது தெரியும். 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 2010-இல் வந்த திருத்தமும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்தைத் தடுக்கின்றன, அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற வேண்டும். எனவே உள்ளே எதையும் கட்டச் சொல்லவில்லை. தங்களிடம் வருவதற்குக் காரணம், பள்ளி, ஊராட்சி, சுற்றுலா, இளைஞர் திறன் பயிற்சி எல்லாம் தங்கள் மேசையில் ஒன்றாகச் சேர்கின்றன என்பதுதான்.

நான் வேண்டுவது இது. தொல்லியல் துறையுடன் கலந்து பேசி, முக்கியமான கல்லறைகளின் வாசகங்களைத் தமிழில் தரும் சிறு கையேடு ஒன்றை மாவட்ட நிர்வாகம் கொண்டுவர வேண்டும். பெரிதாக வேண்டாம், எண்ணிட்ட ஒரு வரைபடமும் கல்லுக்கு நான்கு வரியும் போதும். ஒப்புதல் கிடைத்தால் அதையே வாசலருகே பலகையாகவும் வைக்கலாம். அடுத்து, பழவேற்காட்டு இளைஞர்களில் பத்துப் பேருக்காவது வழிகாட்டிப் பயிற்சி. கல்லறை மட்டும் இல்லை, செம்புரைக்கல்லில் ராமாயணச் சிற்பம் உள்ள ஆதிநாராயணப் பெருமாள் கோயில், மகிமை மாதா ஆலயம், பள்ளிவாசலின் நிழல் கடிகாரம், ஏரிக்கு வரும் பூநாரை என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றிக் காட்ட ஊரில் விஷயம் இருக்கிறது. பூநாரை பார்க்க வருபவர்கள் கல்லறையைத் தாண்டி நேராக ஏரிக்குப் போய்விடுகிறார்கள். கூட்டிப் போய்க் கதை சொல்ல ஆள் இருந்தால் நிற்பார்கள், ஊரில் சாப்பிடுவார்கள், நாலு காசு ஊருக்கு வரும்.

மூன்றாவதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் அவசரம் அதற்குத்தான். 41 பிள்ளைகளை அழைத்துப் போகிற ஆசிரியைக்கு முதல் கவலை கழிப்பறை. எங்கள் பெண் பிள்ளைகள் தெரிந்தவர் வீட்டில் கதவைத் தட்டிப் போனார்கள். தடை எல்லைக்கு வெளியே, ஊராட்சி இடத்தில், பூட்டாத கழிப்பறையும் உட்கார்ந்து சாப்பிட ஒரு நிழற்கூரையும் இருந்தால் யாரும் சமாதி மேல் டிபன் திறக்க மாட்டார்கள்.

கல்லில் பெயர் கிறுக்குவதைப் பற்றி நீட்டி முழக்க விரும்பவில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. அதையும் கையேட்டின் பின்னட்டையில் போட்டுவிடலாம்.

தமிழ் வாசகங்களை எழுதிச் சரிபார்க்கும் வேலைக்கு என் சனிக்கிழமைகளைத் தரத் தயாராக இருக்கிறேன், ஊதியம் எதுவும் வேண்டாம். அடுத்த எட்டாம் வகுப்பை வரும் ஜனவரியில் அழைத்துப் போவதாக இருக்கிறேன். அதற்குள் கையேட்டின் வரைவாவது கையில் இருந்தால், முதலில் அந்த நிழலில் கிடந்த கல்லைத்தான் படிக்கச் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
சமூக அறிவியல் ஆசிரியை

இடம்: பொன்னேரி

இணைப்பு: கல்லறைத் தோட்டத்தில் மாணவர்கள் நோட்டில் எழுதிய கேள்விகள், 2 பக்கம்.

நகல்: கண்காணிப்புத் தொல்லியலாளர், இந்தியத் தொல்லியல் துறை, சென்னை வட்டம் – தகவலுக்காக.