அம்மாச்சி கேட்ட தூபவர்க்கம்

சலாலா, ஓமன்
ஆகஸ்ட் மாதம்

அன்புள்ள அம்மைக்கு,

கர்த்தருக்குள் ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தங்கச்சி சொன்னாள். போனில் பேசினால் ரெண்டு பேருமே அழுதுவிடுகிறோம், ஒரு பேச்சும் நடக்கமாட்டேன் என்கிறது. அதனால் எழுதுகிறேன்.

லீவு கிடைக்காததைப் பற்றி இனி எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அம்மாச்சியின் அடக்க ஆராதனையை வண்டியை ஓரம்கட்டிவிட்டு போனில் பார்த்தேன். கல்லறைத் தோட்டத்தில் நல்ல மழை போல, படம் நின்று நின்றுதான் வந்தது.

இங்கேயும் இப்போது சாரல்தான். கரீஃப் என்று சொல்வார்கள், ஜூன் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை இருக்கும். ஓமன் என்றாலே மணல்தான் என்று நினைத்து வந்தவன் நான். சலாலாவில் தென்னை நிற்கிறது, வாழை நிற்கிறது, ரோட்டோரக் கடையில் இளநீர்க் கருக்கு வெட்டித் தருகிறார்கள். அருமனைச் சந்தை மாதிரியே இருக்கும். வாரத்தில் மூணு நாள் தும்ரைத்துக்கு லோடு கொண்டுபோகிறேன். மலை ஏறும்வரை மஞ்சு மூடி முன்னால் போகும் வண்டியே தெரியாது. உச்சி தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் ஒரு பொட்டுப் புல் கிடையாது, ஒரே வெயில்.

அந்த வெயில் பக்கத்தில்தான் வாதி தவ்கா இருக்கிறது. இந்த இடத்தைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். அம்மாச்சி ஆயுசு முழுக்கக் கேட்ட தூபவர்க்கம், அந்த வாசனைப் பிசின் வடிகிற மரம் அங்கேதான் நிற்கிறது. 2000இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த இடம்.

உனக்கு ஞாபகம் இருக்கும். கிறிஸ்துமஸ் ராத்திரி குடும்ப ஜெபத்தில் மத்தேயு ரெண்டாம் அதிகாரத்தில் சாஸ்திரிகள் பிள்ளை இயேசுவுக்குப் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் காணிக்கை வைத்ததை வாசித்து முடித்ததும், "பொன்னு தெரியும் மக்கா, இந்தத் தூபவர்க்கம் எப்பிடி இருக்கும்?" என்று கேட்பாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம்தானே படித்தாள், தமிழ் எழுத்தை வேதாகமத்தை வைத்தே பழகியவள். மலையாள வேதாகமத்தில் அதற்குக் குந்துருக்கம் என்று போட்டிருக்கும். கடையில் விற்கிற குந்துருக்கம்தானா அது என்று உபதேசியாரிடம் போய்க் கேட்டவள் அவள்.

மே மாதம் அந்த மரத்தில் பால் வெட்டுவதைப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, முறுகிப்போன மரம். ஒரு கிழவர் சின்னக் கத்தியால் பட்டையை லேசாகச் சீவினார். வெட்டின இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பால் முத்துவிட்டது. எனக்கு நெஞ்சு அடைத்துப்போயிற்று. ரப்பர் வெட்டேதான் அம்மே. நாம் சிரட்டை வைப்போம், இங்கே அது மரத்திலேயே இறுகும்வரை ரெண்டு வாரம்போல விடுகிறார்கள். முதல் வெட்டில் வருவது நல்ல சரக்கு இல்லையாம், திரும்பத் திரும்ப வெட்டினால்தான் நல்லது வரும் என்றார்.

விடிவதற்கு முன்னே அரிக்கன் விளக்கோடு அம்மாச்சி தோட்டத்துக்குப் போவதும், பின்னாலேயே நான் வாளி தூக்கிப் போனதும் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. முந்தின நாள் ஒட்டுப்பாலை உரித்து இடுப்புக் கூடையில் போடுவாள். நூல் கனத்துக்கு மேல் பட்டையைச் சீவமாட்டாள். தடியில் கத்தி பட்டால் மரத்துக்கு நோவும் என்பாள். அந்தக் கிழவருக்கும் அதே கைதான்.

அன்றைக்கே கடைத்தெருவில் கால் கிலோ வாங்கி வைத்தேன். டிசம்பரில் கையில் கொண்டுவந்து கொடுக்கலாம் என்று போனில்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

92 வயது சின்ன வயதில்லை என்று எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள். 1956 நவம்பர் 1, விளவங்கோடு தாலுகா மெட்ராஸ் ராஜ்ஜியத்தோடு சேர்ந்தபோது நீ அவள் வயிற்றில் இருந்தாய். "நான் திருவிதாங்கூர்க்காரி, எம் மக தமிழ்நாட்டுக்காரி" என்பாள். தாத்தா போன பிறகு அந்தப் பால்வெட்டுக் காசில்தான் உங்கள் நாலு பேரையும் ஆளாக்கினாள். அதற்கு நடுவே, ஊரில் யாருக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் என்றாலும், ஜாதி சபை பார்க்காமல் பாயும் கஞ்சிப் பாத்திரமுமாகக் கூட்டிருக்கப் போய்விடுவாள். எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் அங்கே இருந்த கதையைச் சொல்லியே நோயாளியைத் தூங்கவைப்பாள்.

பட்டினி கிடந்த நாளிலும் அவள் பிடியரிசி எடுக்காமல் உலை வைத்ததில்லை என்று நீதான் எனக்குச் சொன்னாய். பானையில் ரெண்டு பிடி அரிசி இருந்தால் அதில் ஒரு பிடி சபைக்கு. சின்னப் பிள்ளையாக இருந்தபோது உனக்கு அதில் கோபம் வந்ததையும் சொல்லியிருக்கிறாய். எனக்கும் வந்திருக்கும்.

நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்து ஊருக்குப் புறப்படுகிறான். தூபவர்க்கத்தை அவனிடம் கொடுத்துவிடுகிறேன். நம் சபையில் அதைப் புகைக்கமாட்டார்கள், தெரியும். ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துப் பார். மஞ்சளாக, உள்ளே வெளிச்சம் தெரியும், கையில் வைத்தாலே மணக்கும். கிறிஸ்துமஸ் ராத்திரி பிள்ளைகளுக்கு அந்த வசனத்தை வாசித்துவிட்டு இதைக் காட்டு.

அம்மாச்சியின் பிடியரிசிப் பானையை யாரும் எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிடாமல் பார்த்துக்கொள். நானும் ரூமில் ஒரு பால்பவுடர் டப்பா வைத்திருக்கிறேன். நான் சமைக்கிற முறை வரும்போது ஒரு பிடி அதில் போடுகிறேன். டப்பா நிறைந்ததும் அதன் விலையை அனுப்புவேன், நம் கணக்கோடு சேர்த்துக் கொடு.

காய்ச்சல் மாத்திரையை ஒழுங்காகப் போடு.

அன்பு மகன்