மாமாவைக் கரையேற்றியவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேரின் பெயர் எங்களுக்குத் தெரியாது. கேட்டபோது சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வந்து சேர்ப்பவரிடம் பெயரையும் விலாசத்தையும் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, 2020-இல் விதியும் போட்டிருக்கிறார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் நன்றி சொல்லத் தேடும் குடும்பத்துக்கு அதனால் கொஞ்சம் திண்டாட்டம். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் காப்பாற்றியது யாரை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் என் அம்மாவின் தம்பி. வயது 58, மனசு ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு உள்ளது. திருப்பாதிரிப்புலியூரில் எங்களோடுதான் இருக்கிறார். ஒழுகுகிற தெருக்குழாயைக் கண்டால் ஓடிப்போய் மூடுவார். பஸ் ஸ்டாண்டில் கீழே கிடக்கும் டிக்கெட்டுகளைப் பொறுக்கி, நிறம் பிரித்து அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறி, எங்கோ இறங்கி, ராத்திரியெல்லாம் நடந்து திரும்பி வந்திருக்கிறார். விடியும் நேரத்தில், பெரியகங்கணாங்குப்பம் பக்கம் ஏதோ ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எந்த வண்டி என்று இன்றுவரை தெரியாது.

குட்டியானை அண்ணனுக்கு முதல் நன்றி. துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டு பாண்டி மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். போனில் சார்ஜ் இல்லை. மீன் பெட்டியின் பலகை ஒன்றை உடைத்து, ஒடிந்த காலுக்கு அண்டக் கொடுத்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுற்றியிருக்கிறீர்கள். கால் அசையாமல் கொண்டுவந்ததால்தான் மேற்கொண்டு சேதமில்லை என்று டாக்டர் சொன்னார். வந்த வழியே வண்டியைத் திருப்பி மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். அன்றைய மீன் என்ன விலைக்குப் போனதோ, தெரியவில்லை. மூன்றாம் நாள் எட்டிப் பார்க்க வந்தபோது அம்மா பணத்தை எடுத்து நீட்டினாள். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வேணாம்மா. இதுக்குக் காசு வாங்கிப் பழகிட்டா, அடுத்த தடவ கீழ கெடக்கறவன் சட்டையப் பாத்துட்டுதான் வண்டிய நிறுத்துவேன்."

அன்றைக்கு மாமாவின் சட்டை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

தலைமைக் காவலர் ஐயா, பையில் இருந்த டிக்கெட் கட்டை வைத்தே வீட்டைக் கண்டுபிடித்தீர்கள். பஸ் ஸ்டாண்டில் அதைக் காட்டியதும் டீக்கடைக்காரர் "நம்ம ஆளாச்சே" என்று உங்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். அந்தக் கட்டைக் குப்பை என்று தூக்கிப் போடாததற்கு ஒரு சல்யூட்.

தலைக்குள் ரத்தக் கசிவு என்றதும் ஜிப்மருக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு செவிலியர். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை கையை இறுக்கியதும் மாமா வார்டே அதிரக் கத்துவார், பிடுங்கி எறிவார். நாலு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்தால் வேலை முடிந்துவிடும், எல்லாருக்கும் அதுதான் சுலபம். அந்தம்மா அப்படிச் செய்யவில்லை. பட்டையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, காற்றை ஏற்றி, "ஆ... வலிக்குது" என்று பொய்யாக முகத்தைச் சுளித்துவிட்டு, பிறகு சிரித்துக் காட்டினார். மாமாவுக்கு அது விளையாட்டாகிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு தடவையும் முதலில் சிஸ்டருக்கு, பிறகுதான் தனக்கு என்று சட்டம் போட்டார். அவ்வளவு நெரிசலான வார்டில் அந்த இரண்டு நிமிஷத்தைத் தினமும் எங்கிருந்து எடுத்தீர்கள், சிஸ்டர்?

பக்கத்துக் கட்டிலுக்குக் காவலிருந்த திண்டிவனத்து அக்காவுக்கும் நன்றி. அம்மா கண் அசரும் நேரமெல்லாம் இரண்டு நோயாளிகளையும் நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள்.

இனி, கொஞ்சம் கசப்பான விஷயம். நஷ்டஈடு பற்றி விசாரிக்க ஒரு வக்கீலிடம் போனோம். அடித்த வண்டி தெரிந்திருந்தால் காப்பீட்டுக் கம்பெனி மீது வழக்குப் போடலாம். வருமானத்தையும் வயதையும் வைத்துக் கணக்குப் பார்ப்பார்கள், 56 முதல் 60 வயது வரை ஆண்டு வருமானத்தை 9-ஆல் பெருக்குவார்கள், வருமானமே இல்லாதவருக்கும் நீதிமன்றம் ஒரு தோராயத் தொகையை வைத்துக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார். வண்டி தெரியாததால் அரசுத் திட்டப்படி பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். உயிர் போயிருந்தால் 2 லட்சம். 2022-இலிருந்து இதுதான் தொகை.

கூட வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் வெளியே வந்ததும் சொன்னார்: "ஆளு போயிருந்தா ரெண்டு லட்சம். இருக்கறதால அம்பதாயிரமா?" அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எங்களோடு அலைந்தவர்தான். ஆனால் அந்தக் கேள்வியைப் பல வாய்கள் பல விதமாகக் கேட்டுவிட்டன. போய்ச் சேர்ந்திருந்தால் அவனுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி என்றார்கள்.

சட்டத்தின் கணக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது வீட்டுக்கு நின்றுபோன வருமானத்துக்கும் பட்ட பாட்டுக்கும் போடுகிற கணக்கு; ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லித்தானே ஆகவேண்டும்? அந்த எண்ணையே ஆளின் விலை என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் வம்பு. பெரியம்மா எங்களுக்குப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு, "ஏன், அவனும் தெருக்குழாய மூடறான், தண்ணி மிச்சமாவுதுல்ல" என்றாள். அம்மாவுக்கு வந்ததே கோபம். "அப்ப, குழாய மூடாத அன்னிக்கு அவனுக்குச் சோறு போட வேணாமா?"

அம்மா வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு மாமாவை வடலூர் கூட்டிப் போவாள். 1867-இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்னும் அணையவில்லை என்று எங்கள் மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் பெருமையாகச் சொல்வார்கள். (சொல்லிவிட்டு, வாசலுக்கு வருகிறவனை விரட்டுகிறவர்களும் எங்கள் மாவட்டத்தில் உண்டு.) அங்கே இலை போடுகிறவர்கள் மாமாவை ஒரு தடவைகூட யார், எவர், என்ன வேலை என்று கேட்டதில்லை. பசிக்கிறதா என்பதுதான் பேச்சு. குட்டியானை அண்ணன் வண்டியை நிறுத்தியதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கல்லோடு கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறினார் என்று சொல்லும் கரையேறவிட்டகுப்பமும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். அப்பருக்குப் பதிகம் இருந்தது. மாமாவுக்கு நீங்கள் இருந்தீர்கள்.

ஜிப்மரில் அறுவை சிகிச்சையன்று ரத்தம் கொடுத்த இரண்டு தம்பிகளுக்குக் கடைசியாக. பார்த்தால் கல்லூரி மாணவர்கள் மாதிரி இருந்தீர்கள். யாருக்குப் போகிறது என்றுகூடக் கேட்காமல் கொடுத்துவிட்டு, ஒரு ஜூஸைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினீர்கள். இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அவர் பிழைத்துவிட்டார், வீட்டில் இருக்கிறார். காலில் கம்பி இருக்கிறது, லேசாக நொண்டுகிறார். டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், அதை மட்டும் கேட்கவே மாட்டேன் என்கிறார். நீங்கள் யாராவது வந்து சொன்னால் கேட்பாரோ என்னவோ. வாருங்கள், பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் சொல்வார்கள்.

நன்றியுடன்,
அவருடைய அக்கா மகள்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்