சென்சாரைக் கொன்றது தண்ணீர்தான்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே. அரைகுறையாக ஒரு பதில் போடுவதைவிட, நீ அனுப்பிய படங்களை நிதானமாகப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? அங்கே அமெரிக்காவில் ஹவாசு ஏரிப் பக்கம் இந்நேரம் அனல் அடிக்குமே, பெரியவனை மதிய வெயிலில் தண்ணீரில் இறக்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் போட் எஞ்சினில், புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளந்து பெட்ரோல் கலவையைச் சொல்லும் ஆக்ஸிஜன் சென்சார் ஒரே மாதத்தில் இரண்டு போய்விட்டது, இரண்டுமே மட்டமான சரக்கு என்று எழுதியிருக்கிறாய். சரக்கு நல்ல சரக்குதான். அந்த எல்.எஸ்.யு. 4.9 மாடல் எத்தனையோ கார்களில் வருடக்கணக்காக ஓடுகிறது. உன் போட்டில் அதைக் கொன்றது தண்ணீர். படத்தைப் பெரிதாக்கிப் பார், முனையில் உள்ள துளைகளைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. ஏரித் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு அது. உள்ளே இருப்பது சிர்கோனியா பீங்கான். அதன் ஹீட்டர் அதை ஏறக்குறைய 780 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கிறது. அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். அதற்குப் பிறகு மீட்டர் எதைக் காட்டினாலும் நம்பாதே.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்பாய். மூன்று வழி இருக்கிறது, உன் எஞ்சினில் மூன்றும் திறந்தே கிடக்கிறது.

முதலாவது, சென்சார் வைத்த இடம். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வாங்கும் உன் மேனிஃபோல்டில் புகை போகும் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. மேலே எல்போ என்ற வளைந்த குழாயைத் தாண்டியதும் அந்தத் தண்ணீர் புகையோடு கலந்து ரப்பர் ஹோஸ் வழியாக வெளியேறுகிறது. சென்சார் மாட்டிக்கொடுத்த கடைக்காரர் எல்போவின் இறக்கத்தில், தண்ணீர் கலக்கும் வாய்க்கு மூன்று நான்கு விரற்கடை தள்ளி, அதுவும் அடிப்பக்கமாகத் துளை போட்டிருக்கிறார். அது மழைக்குழாயின் கீழே கையை நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி.

இரண்டாவது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட். போன வருடம் நீ ஆசைப்பட்டு மாற்றினாயே, அதில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகம். ஐடிலில், அதாவது எஞ்சின் சும்மா மெதுவாக ஓடும்போது, எக்ஸாஸ்ட் அலை பின்னோக்கி இழுத்தால் கலந்த தண்ணீரையும் சேர்த்து மேலே உறிஞ்சும். போட்டுக்கென்று செய்யும் கேம்களில் வால்வுகளைத் தள்ளும் முகடுகளின் (லோப்) இடைவெளியை 112, 114 டிகிரி என்று விரித்து வைப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். சென்சார் போனதைப் பற்றி நீ கவலைப்படுகிறாய், எனக்கோ எக்ஸாஸ்ட் வால்வுகளைப் பற்றித்தான் கவலை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைக்குள் நுழையும் கேமராவான போரோஸ்கோப்பை விட்டு எட்டு சிலிண்டரையும் பார். எல்போவைக் கழற்றி அதன் உள்பக்கத்தையும் பார். புகை வெளியேறும் வால்பக்கத்திலிருந்து மேனிஃபோல்டு நோக்கித் துருக்கோடு ஏறியிருந்தால் தண்ணீர் அந்த உயரம்வரை வந்திருக்கிறது என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் மூன்றாவது சென்சார் வாங்காதே.

மூன்றாவதை நிறைய பேர் யோசிப்பதே இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகிறது. காரில் குழாய் சீக்கிரமே சூடாகிவிடும், ஆவி ஆவியாகவே வெளியேறும். உன் மேனிஃபோல்டின் சுவரையோ ஏரித் தண்ணீர் விடாமல் குளிர்விக்கிறது. சுவரின் சூடு 50 டிகிரிக்குக் கீழே இருக்கும் வரை ஆவி அதில் வேர்த்து, துளியாகத் திரண்டு, சரிவான பக்கம் ஓடும். அதனால்தான் காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே சென்சார் போகிறது.

புது போட்டுகளில் கம்பெனியே சென்சார் போட்டு அனுப்புகிறதே என்று கேட்டிருந்தாய். உண்மைதான். அமெரிக்காவில் 2010 மாடலிலிருந்து போட்டுக்குள் பொருத்தும் (இன்போர்டு, ஸ்டெர்ன் டிரைவ்) பெட்ரோல் எஞ்சின்களுக்குப் புகைக் கட்டுப்பாடு வந்தது, அதோடு புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அதற்கு முன்னும் பின்னும் சென்சாரும் வந்தன. ஆனால் அந்த மேனிஃபோல்டை ஆரம்பத்திலிருந்தே அதற்கென்று வரைந்திருக்கிறார்கள். தண்ணீர் கலக்கும் இடம் சென்சாருக்கு வெகு தூரம் தள்ளி, தாழ்வாக இருக்கும். கேமும் சாதுவானது. எக்ஸாஸ்ட் உலரும் வரை ஹீட்டரை முழுச்சூட்டுக்குக் கொண்டுபோகாமல் கம்ப்யூட்டர் பிடித்து வைக்கும். உன்னுடையது தொண்ணூறுகளின் 502 கன அங்குல பிக் பிளாக் எஞ்சின், மேலே பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஹோலி கார்புரேட்டர். இரண்டையும் ஒப்பிடாதே.

உனக்கு நான் சொல்லும் வழி இதுதான். மேனிஃபோல்டுக்கும் எல்போவுக்கும் நடுவில் எல்போவை உயர்த்தும் 3 அங்குலத் துண்டு, அதாவது ரைசர் ஸ்பேசர் போடு. எஞ்சின் மூடிக்கு அடியில் இடம் இருந்தால் 6 அங்குலமே போடலாம். எல்போ உயரும்போது தண்ணீர் திரும்பி ஏறுவதும் குறையும், ஒரே செலவில் இரண்டு வேலை. வாங்குவதற்கு முன் மூடியை மெதுவாக இறக்கி, களிமண் உருண்டை வைத்து இடைவெளியை அள. எல்போ உயர்ந்தால் ஹோஸின் சாய்வும் மாறும், நீளமான போல்ட்டும் வேண்டும்.

சென்சாரைத் திருகும் மரைக் கழுத்தை அந்த ஸ்பேசரில் பற்றவைக்க வேண்டும். மரை 18 மி.மீ., பிட்ச் 1.5. வார்ப்பிரும்பில் பற்றவைத்தால் ஆறும்போது வெடிக்கும். அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்பேசராகவே தேடு, கழுத்தும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். ஸ்பேசருக்கு இரண்டு சுவர், நடுவில் தண்ணீர். வெளிச்சுவரில் கழுத்து நுழையும் அளவுக்குத் துளை, உள்சுவரிலும் அதே நேர்கோட்டில் துளை. கழுத்து இரண்டையும் கடந்து நின்று, இரண்டு சுவரிலும் சுற்றிவர டிக் வெல்டிங் விழ வேண்டும். வெளிப்பக்கம் மட்டும் அழகாகப் பற்றவைத்து உள்ளே ஊசித்துளை விட்டால், நடுவில் ஓடும் தண்ணீர் நேராக எக்ஸாஸ்ட்டுக்குள் இறங்கும். எஞ்சின் நின்றபின் அது வால்வு வழியாக சிலிண்டருக்கே போகும். வேலை முடிந்ததும் தண்ணீர்ப் பாதையின் வாய்களை அடைத்து 15 முதல் 20 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் கொடுத்துக் கால் மணி நேரம் வை. முள் இறங்கக் கூடாது, சோப்பு நீர் தடவினால் குமிழி வரக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாத ஸ்பேசரை எஞ்சினில் ஏற்றாதே.

கழுத்து மேல்பார்த்து இருக்கட்டும். சென்சார் படுக்கைவாட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேலே நிமிர்ந்திருக்க வேண்டும், 45 டிகிரி இருந்தால் இன்னும் நிம்மதி. முனை புகை ஓட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கழுத்து நீளமாகி முனை பள்ளத்துக்குள் ஒளிந்தால், பழைய புகையையே முகர்ந்துகொண்டு சுணங்கிக் காட்டும். முறுக்கம் 40 முதல் 60 நியூட்டன் மீட்டர். புதுச் சென்சாரின் மரையில் கிரீஸ் தடவியே வரும். மறுபடி போடும்போது நிக்கல் பசை மரையில் மட்டும் படட்டும், முனையில் படவே கூடாது. எக்ஸாஸ்ட் பக்கம் எங்கேயும் சாதாரண சிலிக்கான் பசை வேண்டாம், அதன் ஆவி சென்சாருக்கு விஷம். ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோலும் அப்படியே.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி சென்சார் போடு. அப்படிப் போட்டாலும் ஒவ்வொன்றும் நான்கு சிலிண்டரின் சராசரியைத்தான் காட்டும் என்பதை நினைவில் வை. உன் எஞ்சினின் எரிவரிசையில் 5க்கு அடுத்து உடனே 7 வருகிறது, இரண்டும் ஒரே பக்கம், பக்கத்துப் பக்கத்தில். அதில் ஒன்று லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக ஓடினால் சராசரிக்குள் மறைந்துவிடும். நம் பழைய ஒர்க்‌ஷாப் பெரியவர் பிளக்கைப் பார்த்தே ஜாதகம் சொல்வாரே, அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே.

வயரிங்கில் இரண்டு விஷயம். சென்சாரின் கனெக்டரை வெட்டாதே, அந்தச் சென்சாருக்கென்றே அளந்து வைத்த ரெசிஸ்டர் அதற்குள் இருக்கிறது. நீளம் போதாவிட்டால் அதற்கான நீட்டிப்பு வயரை வாங்கிக்கொள். எர்த்தை எஞ்சின் பிளாக்கில் கண்ட இடத்தில் கொடுக்காதே. சென்சாரை இயக்கும் கன்ட்ரோலரும் அளவுகளைப் பதிவு செய்யும் லாகரும் ஒரே புள்ளியில் எர்த் ஆகட்டும். 0 முதல் 5 வோல்ட் சிக்னலில் 0.1 வோல்ட் பிசகினாலே காற்று–பெட்ரோல் விகிதத்தில் கால் புள்ளி தவறிவிடும். அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பும், எஞ்சின் அறைக் காற்றை வெளியேற்றும் புளோயரும் ஓடும்போது அந்தப் பிசகு சுலபமாக வரும்.

ஹீட்டருக்குச் சாவி போட்டதும் கரண்ட் போகும்படி கட்டாதே. எஞ்சின் ஓடினால்தான் கரண்ட் விடும் ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக எடுத்து, கூடவே டேஷில் ஒரு ஸ்விட்ச் வை. எஞ்சின் ஓடி, சூடாகி, மூன்று நான்கு நிமிடம் கழித்து அதைத் தட்டு. ஹீட்டர் இல்லாமல் புகையில் கிடந்தால் கரி அடைக்கும் என்பது உண்மைதான். சில நிமிடத்தில் ஒன்றும் ஆகாது, மணிக்கணக்கில் விடாதே.

உன் கடிதத்தில் என்னை உறுத்திய இன்னொரு வரி, “ஐடிலில் 16 காட்டியது, அதனால் ரிச் ஆக்கிக்கொண்டே வந்தேன்.” ஒரு பங்கு பெட்ரோலுக்கு 16 பங்கு காற்று, அதாவது லீன் என்று நம்பிப் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறாய் (அதுதான் ரிச்). மாப்ளே, அந்த 16 பொய். பெரிய கேம், திறந்த எக்ஸாஸ்ட் என்றால் ஐடிலில் வெளிக்காற்று புகைக்குழாயின் வால்பக்கம் வழியாக உள்ளே வரும். எரியாமல் தவறிய ஒவ்வொரு எரிப்பும் தன் ஆக்ஸிஜனை அப்படியே வெளியே தள்ளும். சென்சார் ஆக்ஸிஜனைத்தான் பார்க்கிறது, எஞ்சின் பெட்ரோலில் மூழ்கிக் கிடந்தாலும் லீன் என்றுதான் சொல்லும். நீ ரிச் ஆக்க ஆக எரிப்பு இன்னும் தவறும், மீட்டர் இன்னும் லீன் காட்டும். உடனே டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் எஞ்சினைத் தொட வேண்டும். ஐடிலை வேக்குவம் மீட்டரை வைத்துச் சரி செய், சென்சாரை 2000 ஆர்.பி.எம்.முக்கு மேலே மட்டும் கேள்.

மீட்டரை லேம்டாவில் காட்டும்படி மாற்றிக்கொள். அதில் 1 என்றால் சரிவிகிதம், 1க்குக் கீழே ரிச், மேலே லீன். பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்த ஈ10. அதற்குச் சரிவிகிதம் 14.1 பக்கம், மீட்டரோ 14.7 என்றே கணக்குப் போடும். லேம்டாவில் அந்தக் குழப்பம் இல்லை. போட் எஞ்சினுக்குக் கார் மாதிரி ஓய்வு கிடையாது, புரொப்பெல்லர் எப்போதும் சுமையோடுதான் இழுக்கும். அதனால் 3000, 3500 ஆர்.பி.எம்.மில் சீராகப் போகும்போது 0.92 முதல் 0.95, முழுத் திராட்டிலில் 0.85 முதல் 0.87. உன் இன்னொரு மச்சான் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் போடப் போகிறான் என்றாயே, அவனுக்கு 0.80க்கு மேலே போகவே கூடாது என்று சொல்.

ரிச்சில் ஆரம்பித்து லீன் பக்கம் இறங்கு. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைதான் ஜெட்; ஒரு தடவைக்கு அதில் இரண்டு நம்பர், அதற்கு மேல் வேண்டாம். முழுத் திராட்டிலில் மட்டும் சரியில்லை என்றால் அதிகத் திராட்டிலில் திறக்கும் செகண்டரி பக்கத்து ஜெட்டை மாற்று, பிரைமரியைத் தொட்டால் சீரான ஓட்டமும் மாறிவிடும். 2000ல் தொடங்கி 500 ஆர்.பி.எம். படியாக, ஒவ்வொன்றிலும் 15 விநாடி நிலையாக ஓட்டி லாக் எடு. ஓட்டுகிறவர் மீட்டரைப் பார்க்கக் கூடாது, அதற்குத் துணைக்கு ஒருவர் வேண்டும். எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு உன் உடம்பில் மாட்டியிருக்கட்டும்.

டியூனிங் முடிந்ததும் இரண்டு சென்சாரையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, கழுத்தில் செப்பு வாஷரோடு 18 மி.மீ. பிளக்கைத் திருகிவிடு. டேஷில் லேம்டா மீட்டர் மின்னினால் அழகுதான், உன் ஆசை புரிகிறது. ஆனால் உன் கேமும் உன் எல்போவும் சேர்ந்து எந்தச் சென்சாரையும் ஒரு சீசன் வாழவிடாது. கார்புரேட்டர் தானாக ஜெட்டை மாற்றிக்கொள்ளப் போவதும் இல்லை. கேம் மாறினாலோ, பிளக்கின் நிறம் மாறினாலோ மறுபடி மாட்டி அளந்தால் போதும்.

கடைசியாக, விளையாட்டில்லாமல் ஒன்று. நீ அனுப்பிய மூன்றாவது படத்தில் எஞ்சின் அறைக்குள், பெட்ரோல் பம்புக்கு ஒரு முழம் தள்ளி, சாதாரண கார் ரிலே திறந்தபடி தொங்குகிறது. அந்த அறையில் பெட்ரோல் ஆவி அடியில் தேங்கும், ரிலேயின் ஒரு பொறி போதும். அங்கே வைக்கும் மின்பொருள் பெட்ரோல் ஆவியில் தீப்பற்றவைக்காத வகையாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி. எஸ்.ஏ.இ. ஜே1171 என்று பொறித்திருக்கும். அப்படி ஒன்று கிடைக்கும் வரை ரிலேயையும் கன்ட்ரோலரையும் டேஷுக்குப் பின்னால் கொண்டுபோ. ஸ்டார்ட்டுக்கு முன் நான்கு நிமிடம் புளோயர் ஓடட்டும். எல்போவில் போட்ட பழைய துளை வழியாகப் புகை கசிந்தால் அது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, பின்சீட்டில் உட்காருவது உன் பிள்ளைகள். அந்த எல்போவை ஒட்டுப்போட்டு வைக்காதே, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு.

ஸ்பேசரெல்லாம் மெதுவாக நடக்கட்டும். ரிலேயை மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு போய்க் கழற்று. கழற்றியதும் ஒரு வரி எழுது, சிலிண்டர் படங்களையும் அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்