கைவிட்ட ஆட்டத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு
(உதவியாளர் யாராவது முதலில் திறந்தால், தயவுசெய்து பதில் எழுதாமல் மேலே அனுப்பிவிடவும்.)

பொருள்: எர்லி ஆக்சஸில் (முழுதாக முடியும் முன்பே விற்கும் ஏற்பாட்டில்) விற்ற தீவு கணினி ஆட்டம் – இரண்டு காப்பிகள் – பணம் திரும்பக் கோருதல் – ஏழாவது புகார் டிக்கெட்டும் மூடப்பட்டது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் தீவு ஆட்டம் விற்பனைக்கு வந்த முதல் வாரத்திலேயே வாங்கியவன் நான். எனக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று இரண்டு காப்பி. மூன்றாம் தீவின் பாலத்தைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்கள் செய்த பாலம்தானே. அதைக் கட்டி முடித்துவிட்டு சேவ் செய்தால் சேவ் ஃபைல் கெட்டுப்போகும். மறுபடி திறந்தால் கடல் இருக்கும், தீவு இருக்காது. நம் ஆள் தண்ணீருக்கு மேல் கையில் கயிற்றோடு நின்றுகொண்டிருப்பான். 0.4 பதிப்பில் இருந்த பிழை இது, கடைசியாக நீங்கள் வெளியிட்ட 0.4.2இலும் இருக்கிறது. அந்த 0.4.2 வந்து இந்த மாதத்தோடு 14 மாதம் ஆகிறது.

இதற்குள் ஏழு டிக்கெட் போட்டுவிட்டேன். ஏழும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிக் கிடக்கின்றன. என்ன தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோபப்படாமல், நடந்ததை வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முயற்சி செய்கிறேன்.

வாங்கிய மூன்றாம் நாள் பாலம் போனது. அப்போது லாஞ்சரில் (ஆட்டத்தைத் திறக்கும் செயலியில்) என் ஆட்ட நேரம் 1 மணி 40 நிமிடம். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காரணம் கேட்காமல் பணம் திரும்ப வரும் என்பது உங்கள் விதி. அன்றே ரீஃபண்ட் பட்டனை அழுத்தியிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. ஆனால் எனக்கு ஆட்டம் பிடித்திருந்தது. அலை ஏறி இறங்கிய பிறகு ஈர மணல் மெல்ல மெல்ல நிறம் வெளுக்கும் பாருங்கள், அதைச் செய்த கை நன்றாக இருக்கட்டும். அதனால் பணத்தைக் கேட்காமல், பிழையைச் சொல்லி டிக்கெட் போட்டேன்.

வந்த பதில்: 'அடுத்த வாரப் பேட்சில் (திருத்தப் பதிப்பில்) சரியாகிவிடும். அதற்குள் அந்தப் பிழையை எங்களுக்காக மறுபடி வரவழைத்துக் காட்ட முடியுமா?'

முடியும் என்றேன். நான் செய்த முதல் தப்பு அது.

ஆட்டத்தை அழித்துவிட்டு மறுபடி இறக்கச் சொன்னார்கள், இறக்கினேன். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னார்கள், புதுப்பித்தேன். பழைய டிரைவருக்கே திரும்பச் சொன்னார்கள், திரும்பினேன். மோட் (மற்றவர்கள் செய்த கூடுதல் மாற்றங்கள்) எதுவும் இல்லாமல் புது உலகம் தொடங்கி, முதல் தீவிலிருந்து நடந்து, பாலம் கட்டி, அது கெடுவதை வீடியோ எடுத்து, லாக் ஃபைலோடு (ஆட்டம் தானே எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு) அனுப்பச் சொன்னார்கள். பாலம் வரை போக ஒன்றரை மணி நேரம் ஆகும், உங்களுக்குத் தெரியும். அதில் கயிறு திரிப்பதே அரை மணி. ஒரு முறை முழுத்திரையில், ஒரு முறை சின்ன ஜன்னலில், நிழலை அணைத்து ஒரு முறை, ஒலியை அணைத்து ஒரு முறை. ஒலிக்கும் பாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை, மரியாதைக்குச் செய்தேன். மொத்தம் பத்து முறை. பத்து முறையும் அதே கடல், அதே ஆள், அதே கயிறு.

அடுத்த வாரப் பேட்ச் அடுத்த வாரம் வரவில்லை. மூன்று வாரம் கழித்து 0.4.1 வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பாலத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ஒரு தொப்பி இருந்தது. தொப்பி.

அப்புறம்தான் பணத்தைக் கேட்டேன். அப்போதுதான் உங்கள் சீனியர் உதவியாளர் வந்தார். பெயரை இங்கே எழுதவில்லை, நான்காவது டிக்கெட்டைத் திறந்தால் தெரியும். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

'நீங்கள் இந்த ஆட்டத்தை 17 மணி நேரம் ஆடியிருக்கிறீர்கள். பிடிக்காத ஆட்டத்தை யாரும் 17 மணி நேரம் ஆட மாட்டார்கள்.'

கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை.

ஐயா, அந்த 17 மணி நேரத்தில் 15 மணி நேரம் நான் ஆடவில்லை. உங்களுக்கு வேலை செய்தேன். சம்பளம் இல்லாமல் உங்கள் சோதனைக் கூடத்தில் கயிறு திரித்தேன். நீங்களே கேட்டு நான் செலவழித்த நேரத்தை எனக்கு எதிராகவே எண்ணிக் காட்டுவது எந்த ஊர் நியாயம்? அந்தப் பொம்மையை நான் இன்னும் மறக்கவில்லை. படுத்தால் கண்ணுக்குள் வருகிறது. என்னிடம் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதே மனிதர் அடுத்த பதிலில், பிழை என் கிராபிக்ஸ் கார்டில் இருக்கலாம் என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் கூடம் கோணல் என்றால், உங்கள் டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் அதே பாலத்தைப் பற்றிப் புலம்பிய அத்தனை பேர் வீட்டுக் கூடமும் கோணலா? அந்தப் புலம்பலையும் இப்போது பார்க்க முடியாது. பிழைகளைச் சொல்லும் அறையையே பூட்டிவிட்டீர்கள். இனி என்னென்ன வரும் என்று காட்டிய ரோட்மேப் படத்தையும் கழற்றிவிட்டீர்கள். ஆனால் 'வாங்கு' பட்டன் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது, போன வாரம் தள்ளுபடிகூடப் போட்டிருந்தீர்கள்.

'எர்லி ஆக்சஸ் என்றால் என்னவென்று தெரிந்துதானே வாங்கினீர்கள்?' என்றும் அவர் கேட்டார். தெரியும். ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையில் 2013 மார்ச்சில் இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து அரைகுறை ஆட்டங்களை வாங்கி ஆடுபவன் நான். டேஇசட் என்ற ஆட்டம் 2013 டிசம்பரில் வந்து 1.0, அதாவது முழுப் பதிப்பு, ஆவதற்கு ஐந்து வருடம் ஆனது. பால்டர்ஸ் கேட் 3 2020 அக்டோபரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை கிட்டத்தட்ட மூன்று வருடம் எர்லி ஆக்சஸில் இருந்தது. காத்திருந்தோமே, யாராவது ரீஃபண்ட் கேட்டுக் கதவைத் தட்டினோமா? தாமதம் எங்களுக்குப் பழக்கம். பாதியில் விட்டுவிட்டு, விட்டதைச் சொல்லாமல், விற்பதை மட்டும் நிறுத்தாமல் இருப்பது வேறு. அதற்குப் பெயர் எர்லி ஆக்சஸ் இல்லை.

கைவிடுவதும் உலகத்தில் புதிதல்ல. ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9 என்ற ஆட்டத்தை 2014இல் அதைச் செய்தவர்கள் அவசரமாக 1.0 என்று முடித்துக் கட்டினார்கள், ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஆனாலும் அவர்கள் லுவா மொழியில் எழுதிய ஆட்டத்தின் நிரலையாவது வாங்கியவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். தி டே பிஃபோர் 2023 டிசம்பர் 7 அன்று எர்லி ஆக்சஸில் வந்தது, நாலே நாளில் ஸ்டுடியோவையே மூடுவதாக அறிவித்தார்கள். ஊரே காறித் துப்பியது. ஆனால் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பப் போனது. நாலு நாளில் கடையைச் சாத்தியவர்களே செய்ததைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் 14 நாள், 2 மணி நேர விதி 2015இல் ஸ்டீம் கொண்டுவந்த விதியின் அச்சு அசல். அங்கே அதோடு இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: இந்த வரம்புக்கு வெளியே இருந்தாலும் கேளுங்கள், பார்க்கிறோம் என்று. காப்பி அடித்தவர்கள் அதையும் சேர்த்து அடித்திருக்கலாம். அதே ஸ்டீம் 2025 முதல், நீண்ட காலம் அப்டேட் இல்லாத எர்லி ஆக்சஸ் ஆட்டத்தின் பக்கத்தில், கடைசி அப்டேட் வந்து எவ்வளவு காலம் ஆகிறது என்று அறிவிப்பு மாட்டுகிறது. உங்கள் ஸ்டோர் பக்கத்தில் என்ன இருக்கிறது? 'தீவிரமாக உருவாகி வருகிறது.'

தம்பி காப்பியைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். இருவர் சேர்ந்து ஆடும் வசதி 'அடுத்த கட்டத்தில்' என்று ரோட்மேப்பில் போட்டிருந்தீர்கள் (ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது, இணைத்திருக்கிறேன்). அதை நம்பித்தான் இரண்டாவது காப்பி வாங்கினேன். அவன் திறந்து பார்த்துவிட்டு, சேர்ந்து ஆடும் வசதி வரட்டும் என்று மூடி வைத்தான். அந்தக் காப்பியின் மொத்த ஆட்ட நேரம் 22 நிமிடம். பதினேழு மணி நேரம் ரசித்தேன் என்று என்னிடம் சொன்னீர்கள், சரி. 22 நிமிடம் ஆடியவனிடம் என்ன சொன்னீர்கள்? '14 நாள் தாண்டிவிட்டது.' ஒருவனுக்கு மணிக்கணக்கு, இன்னொருவனுக்கு நாள்கணக்கு. எது உங்களுக்குச் சாதகமோ அந்தக் கணக்கு.

இப்போது அவன் என்னைக் கேலி செய்கிறான். 'என்னண்ணா, பாலம் கட்டியாச்சா?' என்று கேட்டுத்தான் போனிலேயே பேச்சைத் தொடங்குகிறான்.

பணம் வாங்கிய கட்டண நிறுவனத்திடம் கேட்டேன், கடையைக் கேள் என்றார்கள். உங்கள் கடைப் பிரிவைக் கேட்டேன், ஆட்டத்தைச் செய்த குழுவைக் கேள் என்றார்கள். குழுவுக்கு எழுதினேன், தானியங்கிப் பதில் வந்தது, அதில் கடையைக் கேள் என்றிருந்தது. கடையும் குழுவும் ஒரே நிறுவனம் என்பது அந்த மடலின் அடியிலேயே அச்சாகியிருந்தது. வங்கி வழியாகப் பணத்தை மீட்கப் பார்க்கிறேன் என்று எழுதியதும் மட்டும் ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அப்படிச் செய்தால் என் கணக்கு முடக்கப்படும், அதிலுள்ள மற்ற ஆட்டங்களும் போய்விடும் என்று. 14 மாதத்தில் நீங்கள் வேகமாகச் செய்த ஒரே வேலை என்னை மிரட்டியது.

நான் மிரட்டவில்லை. இன்னமும் நட்பாகத்தான் கேட்கிறேன். சின்ன ஸ்டுடியோவுக்குப் பணம் தீர்ந்துபோகும், ஆட்கள் விலகுவார்கள், எல்லாம் புரியும். 'எங்களால் முடிக்க முடியவில்லை, மன்னியுங்கள்' என்று ஒரு பத்தி எழுதியிருந்தால் ஒருவேளை என் காப்பிக்குப் பணமே கேட்டிருக்க மாட்டேன். தம்பியுடையதற்கு மட்டும் கேட்டிருப்பேன்.

ஆனால் போன மாதம் உங்கள் அடுத்த ஆட்டத்தின் டிரெய்லரைப் பார்த்தேன். கரையில் அலை ஏறி இறங்குகிறது, ஈர மணல் மெல்ல வெளுக்கிறது. அது என் கடல் ஐயா. பத்து முறை நான் நின்ற கடல். அந்த மணலை மட்டும் எடுத்துக்கொண்டு எங்களை நடுக்கடலில் விட்டுவிட்டீர்கள். கீழே பெரிய எழுத்தில்: 'விரைவில், எர்லி ஆக்சஸில்.' அதைப் பார்த்த பிறகு எனக்கு நட்பாக எழுத வரவில்லை.

என் இழப்பைப் பணத்தில் சொல்லிவிட முடியாது. வருடத்துக்கு ஒரு முறை கிடைக்கும் விடுமுறை முழுவதும் உங்கள் டிரைவர் சோதனையில் போனது. தூக்கம் போனது. முதுகு போனது. இனி எந்தப் புது ஆட்டத்தைத் திறந்தாலும் முதல் பாலத்தில் கை நடுங்குகிறது. ஒரு வருட வாழ்க்கையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை. சரி, கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த 15 மணி நேரம் மிகையில்லை, வீடியோ இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். இரண்டு காப்பிக்கும் முழுப் பணம், நான் செலுத்திய வழியிலேயே. உங்கள் கடையில் மட்டும் செல்லும் கூப்பன் வேண்டாம், ஐந்தாவது டிக்கெட்டில் ஒரு தொப்பியைக் கொடுக்க முன்வந்தீர்கள், அதுவும் வேண்டாம். ஸ்டோர் பக்கத்தில் ஆட்டத்தின் வேலை நின்றுவிட்டது என்று ஒரு வரி எழுதுங்கள், இல்லாவிட்டால் 'வாங்கு' பட்டனை எடுத்துவிடுங்கள். அந்த உதவியாளரிடமிருந்து ஒரு மன்னிப்பு, பொம்மை இல்லாமல்.

15 நாள் காத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பில் புகார் கொடுப்பேன், வீடியோக்களையும் ஏழு டிக்கெட்டுகளையும் சேர்த்து. டிஜிட்டல் பொருளுக்கு அங்கே செல்லுபடி இல்லை என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்லக்கூடும். கணினி விளையாட்டும் 'பொருள்'தான், ரீஃபண்ட் கிடையாது என்று வாங்கியவரிடம் சொல்வது தவறு என்று ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் 2016இல் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு எதிராகவே தீர்ப்பளித்து, 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. அவர்களுக்கே அப்படி என்றால் நீங்கள் எம்மாத்திரம் என்று நான் கேட்க மாட்டேன். நீங்களே யோசியுங்கள்.

அந்த அளவுக்குப் போகாது என்றே நம்புகிறேன். நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இரண்டு காப்பி வாங்கிய வாடிக்கையாளர்

பி.கு.: இந்தக் கடிதத்தோடு லாக் ஃபைல் இணைக்கவில்லை. பத்து அனுப்பியிருக்கிறேன், அதில் ஒன்றையாவது திறந்து பாருங்கள்.