சிவப்பு மையில் அடிபட்ட ஐந்து வரிகள்

வேதியியல் பாடக்குழுவினருக்கும் விடைக்குறிப்பு தயாரிப்பவர்களுக்கும் வணக்கம்.

அரையாண்டுத் தேர்வில் வந்த மீத்தேன் குளோரினேற்றக் கேள்வி பற்றித்தான் எழுதுகிறேன்; மீத்தேனில் ஹைட்ரஜனின் இடத்தில் குளோரின் வந்து சேரும் வினை அது. விடைக்குறிப்பில் என்ன இருந்தது என்று உங்களுக்கே தெரியும். தொடக்கம், பரவுதல், முடிவுறுதல் என்று வினையின் மூன்று கட்டங்களுக்கும் சமன்பாடுகள்.

என் ப்ளஸ் ஒன் மாணவி ஒருத்தி அவற்றை எழுதிவிட்டுக் கீழே ஐந்து வரி சேர்த்திருந்தாள். குளோரின் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 243 கிலோஜூல் போதும், மீத்தேனின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புக்கு 439 வேண்டும், அதனால் ஒளி பட்டதும் முதலில் பிரிவது குளோரின்தான் என்று. மொத்தத்தில் ஏறத்தாழ 100 கிலோஜூலை வெளிவிடும் வினை, இருட்டில் ஏன் தொடங்காமலே கிடக்கிறது என்பதையும் எழுதியிருந்தாள். முடிவுறுதலில் ஒரு சமன்பாடு விட்டுப்போனதற்கு ஒரு மதிப்பெண் போனது, அது நியாயம். ஆனால் அந்த ஐந்து வரிகளையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ‘தேவையில்லை’ என்று எழுதியிருந்தது. திருத்தியவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் கொடுத்த குறிப்பில் அதற்கு இடமே இல்லை.

“இனிமே காரணம் எழுத வேண்டாமா மிஸ்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் மேடுதான் கிளர்வு ஆற்றல். அதைப் பிள்ளைகள் முறையாகப் படிப்பது ப்ளஸ் டூ வேகவியலில். வினை எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்று சொல்லும் வினைவழிமுறையோ ஒரு வருடம் முன்னாலேயே வந்துவிடுகிறது. மேட்டைக் காட்டாமல் பாதையை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும் படிக்கு, குளோரின் அணு என்றால் 8 கிலோஜூல் போலத்தான் உள்ளே போகிறது. அயோடின் அணு என்றால் 140க்கு மேல். உடையும் பிணைப்பின் ஆற்றலிலிருந்து உருவாகும் பிணைப்பின் ஆற்றலைக் கழித்துப் பார்த்தாலே புரிகிற இந்த விஷயம், ‘அயோடினேற்றம் மீள்வினை’ என்று ஒற்றை வரியாக உருப்போடப்படுகிறது.

வினைவழிமுறை வருகிற பக்கத்திலேயே ஆற்றல் வரைபடத்தையும் போடுங்கள். மூன்றாம்நிலை பியூட்டைல் புரோமைடு நீராற்பகுப்புக்கு இரண்டு முகடு, நடுவில் கார்பன் நேர்மின் அயனி உட்காரும் பள்ளம். மெத்தில் புரோமைடுக்கு ஒரே முகடு. இதைக் கரும்பலகையில் வரைந்த பிறகுதான் எஸ்என்1 (இரண்டு படியில் நடக்கும் பதிலீடு), எஸ்என்2 (ஒரே படியில் நடக்கும் பதிலீடு) வித்தியாசம் கடைசி பெஞ்சு வரை போய்ச் சேருகிறது.

நுழைவுத் தேர்வில் இந்த ‘ஏன்’ இல்லாமல் பிழைக்க முடியாது. பணம் கட்ட முடிகிற வீட்டுப் பிள்ளைக்கு அது கோச்சிங் சென்டரில் கிடைத்துவிடும். நூறுநாள் வேலைக்குப் போகிற தாயின் பிள்ளைக்கு எங்கள் வகுப்பறையை விட்டால் வேறு இடம் ஏது? அந்த வகுப்பறைக்கும் பதிவேடு, செயலி, பயிற்சி என்று போனதுபோக எத்தனை பாடவேளை மிஞ்சுகிறது? மன்னிக்கவும், அதை இன்னொரு மடலில் எழுத வேண்டும்.

புத்தகத்தில் வரைபடம் ஏற நாளாகும் என்று தெரியும். ஆண்டுத் தேர்வு விடைக்குறிப்பிலாவது, ‘ஆற்றலைக் கொண்டு காரணம் எழுதியிருந்தால் மதிப்பெண் வழங்கலாம்’ என்று ஒரு வரி சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாணவியின் பெயரை மறைத்து, அந்த விடைத்தாளின் நகலை இணைத்திருக்கிறேன். அடித்தல் கோட்டுக்கு அடியில் இருக்கும் வரிகளையும் தயவுசெய்து படியுங்கள்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி முதுகலை வேதியியல் ஆசிரியை ஒருவர்